வக்காலத்தும் தூதும்: மணி ஐயரின் 1917ஆம் ஆண்டுக் கடிதம்

‘வக்காலத்து’ என்னும் சொல் நம் நீதிமன்ற வாயில்களில் அன்றாடம் ஒலிப்பது. அரபுமொழியின் ‘வகாலத்’ என்பதே தமிழில் இவ்வடிவம் பெற்றது. தன் காரியத்தை ஒருவர் இன்னொருவரிடம் நம்பி ஒப்படைப்பது வகாலத். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவர் வகீல். தூதரைக் குறிக்கும் ‘ஸஃபீர்’ என்னும் சொல்லின் வேர் வேறு. திரையை விலக்குதல், மறைந்திருப்பதை வெளிப்படுத்துதல் என்பன அவ்வேரின் பொருள்கள். இரு கூட்டத்தாரிடையே சென்று இணக்கம் உண்டாக்குவதையும் அது குறிக்கும். வகீலும் ஸஃபீரும் பிறருக்காகப் பேசுகிறவர்கள். ஆயினும் இருவர்க்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வகீல் பேசும் அவையில் இரு தரப்புக்கும் மேலாக ஒரு நீதிபதி அமர்ந்திருக்கிறார். ஸஃபீர் செல்லுமிடத்தில் அப்படி ஒருவர் இல்லை. எதிரே இருக்கும் அரசனின் மனமே அங்கு நீதிமன்றம்.

நீதித்துறையில் பயின்றவர்களைத் தூதுக்கு அனுப்பும் வழக்கம் இஸ்லாமிய வரலாற்றில் தொன்மையானது. உமையாக் கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான், ரோமப் பேரரசரிடம் தம் தூதராக அனுப்பியவர் மார்க்க அறிஞர் அஷ்ஷஅபீ (ரஹ்). பின்னர் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) காலத்தில் அவரே கூஃபா நகரின் காழியானார். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் புவைஹ் வம்சத்து ஆட்சியாளர் அளுதுத் தவ்லா, காழி அபூபக்ர் அல்பாகில்லானீ (ரஹ்) அவர்களைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பினார். பேரரசரின் முன் குனிந்தே நுழைய வேண்டும் என்பதற்காகத் தாழ்வாக அமைக்கப்பட்ட வாயிலில் அவர் முதுகுகாட்டி நுழைந்தார் என்னும் செய்தி பலரும் அறிந்தது. சொல்லை அளந்து பேசவும், சான்றின்றி எதையும் கூறாதிருக்கவும், அதிகாரத்தின் முன் நிலைகுலையாதிருக்கவும் நீதிமன்றம் பயிற்றுவிக்கிறது. அப்பயிற்சி தூதுக்கு வேண்டியதே. ஆனால் அவ்விரு பெரியார்களுக்கும் பின்னால் ஓர் அரசு இருந்தது. அரசு இல்லாத மக்களுக்காக ஒரு வழக்குரைஞர் தூது சென்றால் என்ன நேரும்? இக்கேள்விக்கு விடையளிக்கும் நிகழ்ச்சி ஒன்று நம் சென்னையில், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நிகழ்ந்திருக்கிறது. அதையே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

மதுரையிலிருந்து மயிலாப்பூருக்கு

எஸ். சுப்பிரமணிய ஐயர் 1842 அக்டோபர் முதல் நாள் மதுரையில் பிறந்தார். மக்கள் அவரை ‘மணி ஐயர்’ என்றே அழைத்தனர். இராமநாதபுரம் ஜமீனின் வழக்கு அலுவல்களை மதுரையிலிருந்து கவனித்து வந்த அவர் தந்தை, மகனுக்கு இரண்டு வயதானபோதே காலமானார். தாயாரின் பொறுப்பில் வளர்ந்த அவர், அரசு அலுவலகத்தில் எழுத்தராகத் தம் வாழ்வைத் தொடங்கினார். குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பில் நின்று வாதாடும் பணி இளமையிலேயே அவருக்கு மதுரையில் வாய்த்தது. பணியிலிருந்துகொண்டே தனியாகப் படித்துத் தேர்வுகளை எழுதி, 1868இல் சட்டப் பட்டம் பெற்றார். 1869இல் உயர்நீதிமன்ற வகீலாகப் பதிவு செய்துகொண்டு மதுரையில் தொழில் நடத்தினார். 1885இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்; அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

1888இல் சென்னை அரசு அவரை அரசு வழக்கறிஞராகவும் குற்றவியல் அரசுத் தரப்பு வழக்குரைஞராகவும் அமர்த்தியது. அதுவரை ஆங்கிலேயருக்கே உரியதாயிருந்த அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. உயர்நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியாக விளங்கிய சர் டி. முத்துசாமி ஐயர் 1895இல் காலமானதும், அவ்விடத்திற்கு இவர் வந்தார். மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1904இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரும் இவரே. சேப்பாக்கம் செனட் இல்ல வளாகத்தில் இவருக்குச் சிலை உண்டு. ‘திவான் பகதூர்’, ‘சர்’ என்னும் பட்டங்களும் வந்து சேர்ந்தன. 1907இல் ஓய்வு பெற்றபோது, ஆங்கில ஆட்சி ஓர் இந்தியருக்கு அளிக்கக்கூடிய பெருமைகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் அவர் பெற்றுவிட்டார்.

இவ்வாழ்க்கைக் குறிப்பை நாம் இத்துணை விரிவாகத் தருவதற்குக் காரணம் உண்டு. அரசின் பெயரால் குற்றம் சாட்டியவர், அரசின் பெயரால் தண்டனை விதித்தவர், அரசின் நம்பிக்கையை முழுமையாகப் பெற்றவர் இவர். இத்தகைய ஒருவர் தம் எழுபத்து நான்காம் வயதில் அதே அரசை உலகின் முன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முற்பட்டார் என்பதே இந்நிகழ்ச்சியின் சிறப்பு.

அடையாற்றில் விழுந்த பூட்டு

ஓய்வுக்குப் பின் அவர் பிரம்மஞான சபையில் ஈடுபட்டு, அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். சபையின் தலைமையிடமாகிய அடையாறு, அன்னி பெசண்ட் அம்மையாரின் முயற்சியால் அரசியல் களமாகவும் மாறியிருந்தது. 1916 செப்டம்பரில் பெசண்ட் அம்மையார் ஹோம்ரூல் லீகைத் தொடங்கியபோது, அதன் கௌரவத் தலைவராக மணி ஐயர் பொறுப்பேற்றார். அவ்வாண்டு டிசம்பரில் லக்னோவில் காங்கிரசும் முஸ்லிம் லீகும் உடன்பாடு கண்டன. தன்னாட்சி என்பது இரு சமூகங்களின் கூட்டுக் கோரிக்கையாக உருவெடுத்த தருணம் அது.

அரசு அடக்குமுறையை மேற்கொண்டது. போரை முன்னிட்டு 1915இல் இயற்றப்பட்ட இந்தியப் பாதுகாப்புச் சட்டம், குற்றச்சாட்டும் விசாரணையும் இன்றி எவரையும் தடுத்து வைக்க வழி செய்தது. அச்சட்டத்தின் வலிமையை முதலில் அறிந்தவர்களுள் மௌலானா முஹம்மது அலீயும் மௌலானா ஷௌகத் அலீயும் அடங்குவர். 1915 முதல் தடுப்பில் வைக்கப்பட்ட அவ்விருவரும் சிந்த்வாடாவில் நெடுங்காலம் இருத்தப்பட்டு, 1919 இறுதியில்தான் விடுதலை பெற்றனர். அதே சட்டத்தின் கீழ் 1917 ஜூன் மாத நடுவில் பெசண்ட் அம்மையாரும், அவருடைய தோழர்களான அருண்டேலும் வாடியாவும் தடுத்து வைக்கப்பட்டு உதகைக்கு அனுப்பப்பட்டனர்.

நீதிபதியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர் மணி ஐயர். குற்றம் என்ன, சான்று என்ன, பதில் என்ன என்று கேளாமல் ஒருவரைச் சிறைப்படுத்துவதன் பொருள் அவருக்கு மற்றவர்களைவிட நன்கு தெரியும். உள்நாட்டு நீதிமன்றத்தில் இதற்குப் பரிகாரம் இல்லை. அந்தக் கதவை அச்சட்டமே அடைத்துவிட்டது. இலண்டனுக்கு விண்ணப்பிப்பது, குற்றஞ்சாட்டப்பட்டவரிடமே தீர்ப்புக் கேட்பதாகும். ஆகவே அவர் மூன்றாவது ஓர் அவையைத் தேடினார்.

கடல் கடந்த முறையீடு

அமெரிக்கா 1917 ஏப்ரலில் போரில் இறங்கியிருந்தது. மக்களாட்சியைக் காக்கவே தன் நாடு போரிடுகிறது என்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் உலகறிய அறிவித்திருந்தார். 1917 ஜூன் 24ஆம் நாளிட்டு மணி ஐயர் அவருக்கொரு நீண்ட கடிதம் எழுதினார். போர்க்காலத் தணிக்கையில் அது அகப்பட்டுவிடும் என்பதால் அஞ்சலில் சேர்க்கவில்லை. அடையாற்றிலிருந்து தாயகம் திரும்பவிருந்த ஹாட்ச்னர் தம்பதியர் என்னும் அமெரிக்கப் பிரம்மஞானிகளிடம் அதை ஒப்படைத்தார். பழைய அரசுகள் நம்பிக்கைக்குரியவர் கையில் ஓலை கொடுத்தனுப்பிய அதே முறை.

அக்கடிதத்தின் அமைப்பு நம் கவனத்திற்குரியது. எழுதுபவர் யார், எத்தகைய பதவிகளில் இருந்தவர், எந்த அமைப்பின் சார்பில் எழுதுகிறார் என்பன முதலில் நிறுவப்படுகின்றன. பின்னர்க் குற்றச்சாட்டுகள் வரிசையாக வருகின்றன: அந்நிய மொழி பேசும் அதிகாரிகள் தம் விருப்பத்தை நாட்டின் மீது திணிப்பது, பெரும் சம்பளங்களைத் தாமே வகுத்துக்கொள்வது, கல்வியை மறுப்பது, மக்களின் இசைவின்றி வரி விதிப்பது, நாட்டுப்பற்றைப் பேசியவர்களைச் சிறையிலடைப்பது, அச்சிறைகளின் இழிநிலை ஆகியவை. அவற்றின் பின் பெசண்ட் அம்மையாரின் தடுப்புக்காவல் அண்மைச் சான்றாக முன்வைக்கப்படுகிறது. இறுதியில் வேண்டுகோள். அமர்வு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்குரைஞர் தம் தொடக்க உரையை அமைக்கும் முறையே இது. மாறியது பிரதிவாதி மட்டுமே.

அவ்வாண்டு இளவேனிலில் இலண்டனில் கூடிய பேரரசுப் போர் மாநாட்டில் இந்தியாவின் பெயரால் மூவர் அமர்ந்திருந்தனர். பிகானேர் மகாராஜா, சர் ஜேம்ஸ் மெஸ்டன் என்னும் ஆங்கில ஆளுநர் ஆகியோருடன், வங்காளத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த சர் சத்தியேந்திர பிரசன்ன சின்ஹாவும் அவர்களுள் ஒருவர். மூவரையும் தேர்ந்தவர்கள் ஆட்சியாளர்களே. சட்டப்படி இந்தியாவின் வக்காலத்து அவர்களிடம் இருந்தது. மயிலாப்பூரில் கடலோரத்துப் ‘பீச் ஹவுஸ்’ இல்லத்தில் வாழ்ந்த முதியவரிடம் அரசின் அதிகாரப் பத்திரம் எதுவும் இல்லை. ஆயினும் மக்களின் மனத்திலிருந்ததை அயலார்க்குத் திரைவிலக்கிக் காட்டியவர் எவர் என்று கேட்டால், ஸஃபீர் என்னும் சொல் எவர்க்குப் பொருந்தும் என்பது விளங்கும்.

ஒரு கோடி வீரர்கள்

எனினும் புகழ்ந்து முடித்துவிடுவது வரலாற்று ஆய்வாகாது. அக்கடிதத்தின் ஓரிடம் நம்மைத் தயங்கச் செய்கிறது. தன்னாட்சி வாக்குறுதி உடனே கிடைத்தால் மூன்று மாதங்களில் 50 இலட்சம் பேரும், அடுத்த மூன்று மாதங்களில் மேலும் 50 இலட்சம் பேரும் போர்முனைக்கு வருவர் என்று மணி ஐயர் எழுதினார். போர் முழுவதிலும் இந்தியா அனுப்பிய படைவீரர்களும் துணைப் பணியாளர்களும் சேர்ந்து சுமார் 13 இலட்சம் பேரே. ஆறு மாதத்தில் ஒரு கோடி என்பது எந்தக் கணக்குக்கும் பொருந்தாது. அவர் அமர்ந்திருந்த நீதிமன்றத்திலேயே ஒரு வழக்குரைஞர் இத்தகைய எண்ணைச் சான்றின்றிக் கூறியிருந்தால், அவர் அதை ஏற்றிருக்கமாட்டார்.

எண்ணிக்கை மிகையானது என்பதைவிட ஆழ்ந்த ஒரு சிக்கலும் அதனுள் இருக்கிறது. அப்படைவீரர்கள் எங்கே, யாருக்கு எதிராகப் போரிட வேண்டியிருந்தது? 1914 நவம்பரில் பஸ்ரா கைப்பற்றப்பட்டது. 1916 ஏப்ரலில் கூத் நகரில் ஆங்கிலப் படை உதுமானியரிடம் சரணடைந்தபோது சிறைப்பட்டவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். 1917 மார்ச்சில், அதாவது கடிதம் எழுதப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், பக்தாத் வீழ்ந்தது. அதிலும் இந்திய வீரர்களின் பங்கு பெரிது. கிலாஃபத்தின் மீது பற்றுக்கொண்டிருந்த இந்திய முஸ்லிம்களுக்கு இச்செய்திகள் ஒவ்வொன்றும் வேதனையாயின. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியக் காலாட்படைப் பிரிவு ஒன்றின் முஸ்லிம் வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். துருக்கியருக்கு எதிராகத் தாம் அனுப்பப்படுவோம் என்ற அச்சம் அதன் காரணங்களுள் ஒன்று. 47 பேர் பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இந்நிலையில் ஒரு கோடி வீரர்களை இந்தியாவின் பெயரால் வாக்களிக்கும்போது, அவர்களுள் முஸ்லிம்களும் இருப்பர் என்பதையும், அவர்களின் மனநிலை யாது என்பதையும் கருதியிருக்க வேண்டும். இதைத் தீய நோக்கமாக நாம் கொள்ளவில்லை. வில்சனின் செவிக்கு எட்டக்கூடிய வாதம் போரைப் பற்றியதே என்று அவர் கணித்திருப்பார். ஆனால் பிறருக்காகப் பேசுகிறவன் எவ்வளவுக்குப் பேசலாம் என்பது வகாலத்தின் அடிப்படைக் கேள்வி. ஒப்படைத்தவர் அனுமதித்த எல்லையைத் தாண்டி வகீல் செய்த உடன்படிக்கை ஒப்படைத்தவரைக் கட்டுப்படுத்துமா என்று ஃபிக்ஹு நூல்கள் ஆராய்கின்றன. தேசத்தின் பெயரால் பேசுவோருக்கும் அந்த எல்லை உண்டு. லக்னோ உடன்பாட்டால் ஒன்றுபட்ட இரு சமூகங்களும் போரைக் குறித்து ஒரே மனத்தினராய் இல்லை என்பதை அக்கடிதம் காட்டவில்லை.

பட்டங்கள் திரும்பிய கதை

கடிதம் அமெரிக்கா சென்றடைந்தது. அச்சிடப்பட்டுப் பரவவும் செய்தது. போரில் தோளோடு தோள் நிற்கும் பிரிட்டனை அமெரிக்க அரசு இதற்காக வருத்தவில்லை. ஆயினும் இந்தியப் பிரச்சினை அந்நாட்டு மக்களின் காதுக்கு எட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் லாலா லஜபதி ராய் நியூயார்க்கில் ஹோம்ரூல் லீக் ஒன்றைத் தொடங்கினார்.

இதற்கிடையே 1917 ஆகஸ்டு 20ஆம் நாள் இந்தியா மந்திரி மாண்டேகு, பொறுப்பாட்சியைப் படிப்படியாக வழங்குவதே நோக்கம் என்று அறிவித்தார். செப்டம்பரில் பெசண்ட் அம்மையார் விடுதலையானார். டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு அவரே தலைமை தாங்கினார். அதே மாதம் அங்கு கூடிய முஸ்லிம் லீகின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரோ, இன்னும் தடுப்பிலிருந்த மௌலானா முஹம்மது அலீ. ஒரே சட்டத்தால் அடைக்கப்பட்ட இருவருள் ஒருவர்க்குக் கதவு திறந்தது, மற்றவர்க்குத் திறக்கவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அந்த டிசம்பரில் மாண்டேகுவும் வைசிராய் செம்ஸ்ஃபோர்டும் சென்னை வந்தனர். சீர்திருத்தம் பற்றிக் கருத்துரைக்கச் சென்ற மணி ஐயரை, கடிதத்தைச் சுட்டி அவர்கள் கடிந்துகொண்டனர். 1918இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, இழிவான கடிதம் என்றும், எழுதியவர் வகித்த பதவியால் அக்குற்றம் மேலும் பெரிதாகிறது என்றும் மாண்டேகு சாடினார். அரசின் விடை பெரிதும் எழுதியவரைப் பற்றியதாகவே இருந்தது. சாட்டப்பட்ட குற்றங்களுக்குத் தனித்தனியே மறுப்புத் தரப்படவில்லை.

முதியவர் தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. ‘சர்’, ‘திவான் பகதூர்’ ஆகிய பட்டங்களைத் துறப்பதாக அரசுக்கு எழுதிவிட்டார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப்பின் இரவீந்திரநாத் தாகூர் தம் பட்டத்தைத் துறந்தது 1919 மே மாத இறுதியில். ஹகீம் அஜ்மல் கான் தம் பட்டத்தைத் திருப்பியளித்தது 1920இல். பட்டம் துறத்தல் ஒத்துழையாமைத் திட்டத்தின் முதற்படியாவதற்கு முன்னரே, மயிலாப்பூரில் ஒருவர் தனியாக அதைச் செய்திருந்தார். மணி ஐயர் 1924 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார்.

மூவகை வழிகள்

அரசற்றோரின் தூது அவரோடு முடியவில்லை. 1920இல் மௌலானா முஹம்மது அலீ, சையித் ஹுசைன், மௌலானா சையித் சுலைமான் நத்வி ஆகியோர் அடங்கிய கிலாஃபத் தூதுக்குழு இலண்டன் சென்றது. மார்ச் மாதம் பிரதமர் லாயிட் ஜார்ஜைச் சந்தித்து வாதாடியது. பயன் கிட்டவில்லை, ஆகஸ்டில் செவ்ரே உடன்படிக்கை உதுமானிய நாட்டைக் கூறுபோட்டது. அக்குழுவிலிருந்த நத்வி அவர்களே 1925இல் சென்னை வந்து, ‘குத்பாத்தே மத்ராஸ்’ எனப் புகழ்பெற்ற சொற்பொழிவுகளை நிகழ்த்தினார்.

மணி ஐயருடன் ஹோம்ரூல் இயக்கத்தில் உழைத்த இளைஞரான சி. பி. இராமசாமி ஐயர் வேறு வழியில் சென்றார். 1920இல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலானார். 1923இல் ஆளுநரின் நிர்வாக சபையில் இடம்பெற்றார். 1926, 1927 ஆகிய ஆண்டுகளில் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்தார். மயிலாப்பூர் வழக்குரைஞர் மரபின் பேராற்றல் அங்கு வெளிப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரை அங்கு அனுப்பியது ஆங்கில அரசு. தம்மை அனுப்பியவரையே அந்த அவையில் குற்றஞ்சாட்டும் உரிமை அப்பதவிக்கு இல்லை.

மூன்றாவது வழி 1946இல் திறந்தது. சென்னையில் அரசுத் தரப்பு வழக்குரைஞராக விளங்கிய பி. கோவிந்த மேனன், டோக்கியோவில் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த பன்னாட்டு நீதிமன்றத்தில் இந்தியாவின் சார்பில் வழக்குரைக்கச் சென்றார். பின்னர் சென்னை உயர்நீதிமன்றத்திலும் 1956இல் உச்சநீதிமன்றத்திலும் நீதிபதியானார். அந்த டோக்கியோ நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்தவரும் ஓர் இந்தியர். வங்காளத்து ராதாபினோத் பால், குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தண்டிக்க இசையாமல் மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். விடுதலையின் விளிம்பில் நின்ற நாடு குற்றஞ்சாட்டும் இருக்கை, தீர்ப்பளிக்கும் இருக்கை இரண்டையும் உலக அவையில் பெற்றது. 29 ஆண்டுகளுக்கு முன் மணி ஐயர் தேடிய மூன்றாவது அவை அப்போதுதான் ஏதோ ஒரு வடிவம் கொள்ளத் தொடங்கியிருந்தது.

இன்று அரசியல் சட்டம் தந்த பிரதிநிதிகள் நமக்கு உண்டு, நீதிமன்றங்கள் உண்டு, ஐக்கிய நாடுகள் அவையும் உண்டு. ஆயினும் சமூகத்தின் பெயரால் பேச முன்வருவோர் நாள்தோறும் பெருகி வரும் காலமிது. அவர்களைக் கேட்கும் போதெல்லாம் இரண்டு கேள்விகளை நாம் எழுப்ப வேண்டும். இவருக்கு இந்த வக்காலத்தைத் தந்தவர் யார்? இவர் கூறுவதற்குச் சான்று உண்டா? முதற்கேள்விக்கு மணி ஐயர் தம் பட்டங்களையே விலையாகத் தந்து விடையளித்தார். இரண்டாவது கேள்விக்கு, சிறைகளையும் வரிகளையும் பற்றி எழுதியபோது அவரிடம் விடை இருந்தது. ஒரு கோடி வீரர்களைப் பற்றி எழுதியபோது இல்லை. வலிமையற்றோருக்காகப் பேசுகிறவர், வலியோரைவிட ஒருபடி மிகுந்த கவனத்துடன் சொல்லைத் தேர வேண்டியிருக்கிறது. அவருடைய வாதத்தைத் தாங்கி நிற்கப் படை இல்லை; அதன் உண்மை மட்டுமே இருக்கிறது.